புதிய சீசனின் முதல் எபிசோட்: அன்றே பார்ப்பதா, கூடிப் பார்ப்பதா, பொறுத்திருப்பதா?

இரண்டு மூன்று வருடம் காத்திருந்த அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்று திரும்பி வருகிறது. முதல் எபிசோட் நாளை விடிய. உவர்மலைத் தம்பி ஒருவன் கேட்கிறான்: "அண்ணா, நாளைக்கே பார்க்கவா, இல்லாட்டி ஞாயிற்றுக்கிழமை உங்களோட சேர்ந்து பார்க்கவா?" நிலாவெளியில் ஹோட்டல் வேலை செய்யும் நண்பருக்கு வேறு யோசனை: "முதல்ல ஆக்கள் என்ன சொல்லுறாங்கள் எண்டு பார்ப்பம்." அலஸ்தோட்டத்து அக்கா ஒருவர் எப்போதும் ஒரே பதில்தான் சொல்வார்: "எல்லாம் முடியட்டும், ஒரேயடியாப் பார்க்கலாம்."

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தத் தொடர்களைப் பல வருடமாகப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், நான்கு வழிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். உதாரணம் சொல்லும் இடங்களில் கதை முடிச்சுகளை அவிழ்க்கவில்லை, பயப்படாமல் வாசிக்கலாம்.

## எதை வைத்து அளப்பது

முதலாவது, சொந்த அபிப்பிராயம். எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் பெரியது. ஒரு எபிசோடை எத்தனை தடவையும் திரும்பப் பார்க்கலாம். ஆனால் ஒன்றுமே தெரியாமல் பார்க்கும் முதல் தடவை ஒன்றுதான். அதற்கு முன்பே "இது சரியில்லையாம்" என்று காதில் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு நாம் பார்ப்பது பாதி அடுத்தவருடைய கண்ணால்தான்.

இரண்டாவது, கதை உடையாமல் இருப்பது. ஸ்பாய்லர் என்றால் யாரோ வேண்டுமென்று சொல்வது மட்டுமல்ல. ஒரு வீடியோவின் முகப்புப் படமே போதும்.

மூன்றாவது, கரண்டும் டேட்டாவும் நாளும். வெளிநாட்டில் எழுதப்படும் ஆலோசனைகளில் இது வராது, எங்களுக்கு இதுதான் பாதிப் பிரச்சினை. நெட்ஃபிளிக்ஸின் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடரின் ஐந்தாவது சீசனை எடுங்கள். அமெரிக்கப் பசிபிக் நேரப்படி 2025 நவம்பர் 26 பின்னேரம் 5 மணி என்றால் எங்களுக்கு 27ஆம் திகதி விடிய 6.30. அந்த வாரம்தான் டித்வா புயல் வந்தது. மூதூர், வெருகல் பக்கம் வெள்ளத்தில் நின்றபோது யாருக்குத் தொடர் ஞாபகம்? அந்தச் சீசனின் இரண்டாவது பகுதி எங்கள் நேரப்படி டிசம்பர் 26 விடிய வந்தது. இந்தக் கரையில் டிசம்பர் 26 சுனாமி நாள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல வீடுகளில் அன்று காலை டிவியே போடுவதில்லை. நவம்பர், டிசம்பர் எங்களுக்கு மாரி. அந்த மாதங்களில் வரும் தொடருக்கு ஒரு திட்டம், சித்திரை வைகாசியில் வருவதற்கு இன்னொரு திட்டம் என்று வைத்துக்கொள்வதே புத்தி.

நான்காவது, காசு. ஐந்தாவது, பார்த்து முடித்ததும் கதைக்க ஆள்.

## வழி 1: வந்த அன்றே, தனியாக

சொந்த அபிப்பிராயம் என்ற அளவுகோலில் இதற்கு நிகர் இல்லை. எழும்பினீர்கள், முகம் கழுவினீர்கள், பார்த்தீர்கள். உலகம் கதைக்கத் தொடங்கும் முன் உங்களுக்கென்று ஒரு எண்ணம் வந்துவிட்டது.

நேரமும் இலங்கைக்குப் பெரும்பாலும் வாய்ப்பாகவே இருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் வழக்கமாகப் பசிபிக் நேரம் நள்ளிரவில் வெளியிடும். அது எங்களுக்குப் பகல் 12.30, அவர்களுடைய குளிர்கால நேரத்தில் 1.30. பிபிசியின் பழைய அறிவியல் புனைகதைத் தொடரான டாக்டர் ஹூவின் 2024 சீசன் பிரித்தானியாவில் மே 11 நள்ளிரவில் வந்தது, எங்களுக்கு அப்போது அதிகாலை 4.30. அமெரிக்காவில் தூக்கத்தைக் கெடுத்துப் பார்க்கும் சிலவற்றை நாங்கள் பகல் சாப்பாட்டோடு பார்க்கலாம்.

மறைந்திருக்கும் செலவு டேட்டாவில். நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்குப்படி எச்டி தரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு 3 ஜிபி வரை போகும், 4கே என்றால் 7 ஜிபி வரை. போனில் தானாக அமையும் தரத்தில் விட்டால் 1 ஜிபியில் நான்கு மணித்தியாலம் அளவுக்கு ஓடும். இப்போது முதல் எபிசோட்கள் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டுவது சாதாரணம். ரவுட்டர் இல்லாமல் போன் ஹொட்ஸ்பொட்டில் டிவிக்குக் கொடுப்பவர்கள் ஒரு எபிசோடிலேயே வாரத்து டேட்டாவை முடித்துவிட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பகல் டேட்டாவும் இரவு டேட்டாவும் பிரித்துத் தரும் பக்கேஜ் வைத்திருப்பவர்களுக்கு நல்ல வழி, அன்று இரவு தரவிறக்கி வைத்து மறுநாள் பார்ப்பது. ஒரு நாள் பிந்தும். கரண்ட் போனாலும் போனில் சார்ஜ் இருக்கும்வரை ஓடும். மாரிக்கு நான் சொல்லும் திட்டம் இதுதான்.

இன்னொரு செலவு, கதைக்க ஆள் இல்லாதது. செவரன்ஸ் என்ற தொடரின் இரண்டாவது சீசனின் முதல் எபிசோடை 2025 ஜனவரியில் நான் தனியாகப் பார்த்தேன். கிட்டத்தட்ட மூன்று வருட இடைவெளிக்குப் பிறகு வந்தது. எபிசோட் முழுக்க அலுவலகத்துக்குள்ளேயே நடக்கிறது, வெளியுலகத்தைக் காட்டவே இல்லை. முடிந்ததும் எழும்பி முற்றத்தில் நடந்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும். வீட்டில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். "அம்மா, ஒரு ஆளின் ஞாபகத்தை வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று இரண்டாப் பிரிச்சா எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, "வீட்டுக்கு வாற ஆளுக்கு வேலை செய்த களைப்பு இருக்குமோ?" என்று கேட்டார். அந்தத் தொடரைப் பற்றி நான் கேட்ட மிக நல்ல கேள்வி அதுதான்.

யாருக்கு நல்லது: வேலை நேரம் மாறி மாறி வருபவர்களுக்கு, துறைமுகத்திலோ ஆஸ்பத்திரியிலோ ஷிப்ட் செய்பவர்களுக்கு, வாட்ஸ்அப் குழுக்களை விட்டு விலக முடியாதவர்களுக்கு.

## வழி 2: ஞாயிற்றுக்கிழமை, நாலு பேராக

நாங்கள் உட்துறைமுக வீதிக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் கூடுகிறோம். 32 அங்குல டிவி, நாலு பிளாஸ்டிக் கதிரை, ஒரு பாய். வருபவர்கள் ரோல்ஸ் வாங்கி வர வேண்டும் என்பது மட்டும்தான் விதி.

இதில் கிடைப்பது வேறெங்கும் கிடைக்காது. ஒருவர் கவனிக்காததை இன்னொருவர் கவனித்திருப்பார். எங்களில் ஒருவர் மின்பொறியியல் படித்தவர், விண்கலக் காட்சி வந்தால் அவருடைய விளக்கம் இலவசம். இன்னொருவர் பாடசாலையில் வரலாறு கற்பிக்கிறார். ஸ்டார் வோர்ஸ் உலகத்தில் நடக்கும் ஆண்டோர் தொடரைப் பார்க்கும்போது, ஒரு அரசு மக்களை எப்படிப் படிப்படியாக இறுக்கிப் பிடிக்கிறது என்பதைப் பற்றி அவர் சொன்னவை தொடரை விடவும் கனமாக இருந்தன. நாங்கள் யாரும் அன்று சத்தமாகக் கதைக்கவில்லை.

அறிவியல் புனைகதை எங்கோ வெளியிலிருந்து வந்த ருசி என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தொலைத்தொடர்புச் செய்மதிகளைப் பூமிக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதுபோல நிறுத்தலாம் என்று 1945இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், 1956இல் மைக் வில்சனோடு வந்து கோணேசர் மலையடிக் கடலில் மூழ்கி, பழைய கோயிலின் இடிபாடுகளைக் கண்டார். கோட்டைக்குள் மான்கள் மேயும் வழியாக நடந்து போய் மலையிலிருந்து கீழே பார்த்தால், அவர் இறங்கிய தண்ணீர் தெரியும். இந்தக் கதைகளுக்கும் எங்களுக்கும் பழைய உறவு.

சரி, செலவுக்கு வருவோம். முதலாவது, நாள் பொருந்தாது. ஒருவருக்கு டியூஷன், ஒருவருக்கு அந்தியேட்டி, ஒருவர் கிண்ணியாவிலிருந்து மழையில் வர வேண்டும். ஒரு ஞாயிறு தள்ளினால் அடுத்த எபிசோட் வந்துவிடும். இரண்டாவது, நடுவில் உள்ள நாட்களில் ஸ்பாய்லர் ஆபத்து. மூன்றாவது, முதலே பார்த்துவிட்டு பார்க்காதவர்போல வந்து உட்காருகிறவர். ஒரு தடவை நண்பரின் தங்கை அப்படி வந்தார். திரையைப் பார்க்காமல் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அவர் மெதுவாகத் தலையணையை எடுத்து நெஞ்சோடு அணைத்ததும், ஏதோ வரப்போகிறது என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கோபிக்க மனம் வரவில்லை, அவ்வளவு ஆசையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு, பார்த்தவர்கள் வரலாம், ஆனால் பின்வரிசையில் இருக்க வேண்டும் என்று ஒழுங்கு செய்துகொண்டோம்.

இந்த வழி வாராவாரம் வரும் தொடர்களுக்கும், மூன்று எபிசோடாக வருபவைக்கும் பொருத்தம். ஆண்டோரின் இரண்டாவது சீசன் 2025 ஏப்ரல் 22 முதல் வாரத்துக்கு மூன்று என்று நான்கு வாரத்தில் 12 எபிசோடும் வந்தது. ஒவ்வொரு மூன்றும் கதையில் ஒரு வருடம். முதல் எபிசோடை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் பாதிப் படத்தில் எழும்பிப் போனதுபோல இருக்கும். மூன்றையும் ஒரே பின்னேரத்தில், நடுவில் ஒரு தேத்தண்ணியோடு பார்ப்பதே சரி.

## வழி 3: ரசிகர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது

நிலாவெளி நண்பர் இதைத்தான் செய்வார், அவருக்கு நேரம் குறைவு. வைகாசி தொடக்கம் கிழக்குக் கரையில் சுற்றுலாக் காலம், ஒரு மணித்தியாலம் கிடைப்பதே கஷ்டம். பிடிக்காத எபிசோடுக்கு அதைக் கொடுக்க அவர் விரும்புவதில்லை. விளங்குகிறது.

ஆனால் முதல் நாள் ரசிகர் குரல்களை நம்பி ஒரு சீசனைத் தள்ளிவிடுவதில் உள்ள நட்டத்தை நான் நேரடியாகவே கண்டேன்.

டாக்டர் ஹூவின் 2024 சீசன் இரண்டு எபிசோடோடு தொடங்கியது. முதலாவதான 'ஸ்பேஸ் பேபிஸ்' விண்வெளி நிலையம் ஒன்றைத் தாங்களே ஓட்டும் பேசும் குழந்தைகளைப் பற்றியது. நீண்டநாள் ரசிகர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, சிறுபிள்ளைத்தனம் என்றார்கள். லண்டனில் இருக்கும் என் சித்தியின் மகன் எழும்பிய கையோடு எனக்கு நான்கு நிமிடக் குரல் செய்தி ஒன்று அனுப்பியிருந்தான். அதில் மூன்றரை நிமிடம் திட்டு. நான் அதைக் கேட்டுவிட்டு, அந்தச் சீசனை மறந்துவிடுவோம் என்றுதான் இருந்தேன்.

சில வாரம் கழித்து அவன் ஊருக்கு வந்தபோது டேப்லெட்டில் தரவிறக்கிக் கொண்டுவந்திருந்தான். "அதை விடு, மூன்றாவதைப் பார்" என்றான். ஸ்டீவன் மொஃபட் எழுதிய 'பூம்'. தொடரின் நாயகனான டாக்டர் ஒரு போர்க்களத்தில் ஓடும்போது மிதிவெடி ஒன்றில் கால் வைத்துவிடுகிறார். எபிசோடின் பெரும்பகுதி அவர் அதன் மேல் அசையாமல் நிற்கிறார்.

நாங்கள் டச்சு பே கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து பார்த்தோம். வீட்டுக்கார ஐயாவும் பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் பெரிதாக ஓடாது, டாக்டர் ஹூ என்றால் யாரென்றும் தெரியாது. ஆனால் டாக்டர் காலை வைத்ததும் அந்த 'கிளிக்' சத்தம் கேட்டதும், ஐயா தன்னுடைய காலைக் கதிரைக்கு மேலே தூக்கிக்கொண்டார். பிறகு அதைத் தானே கவனித்து, மெதுவாகக் கீழே வைத்தார். மிதிவெடி கவனம் என்று மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளுக்குப் பக்கத்தால் வருடக்கணக்காகச் சைக்கிள் மிதித்த மனிதர் அவர். எபிசோட் முடியும்வரை கதைக்கவில்லை. முடிந்ததும், "அந்தப் பெடியன் நல்லாத்தான் நிண்டான்" என்றார்.

இணையத்தில் அந்த எபிசோடைப் பற்றிக் குவிந்த கருத்துகளைப் பிறகு வாசித்தேன். பெரும்பாலும் பாராட்டுத்தான். எழுத்தைப் பற்றி, நடிப்பைப் பற்றி, பழைய சீசன்களோடு ஒப்பிட்டு. ஐயா தூக்கிய கால் அவற்றில் எங்கும் இல்லை. இருக்கவும் முடியாது. ரசிகர்களின் கருத்தைக் கேட்டு முடிவெடுக்கும்போது நாம் தவறவிடுவது இதைத்தான்: எங்களுக்கு அந்தக் கதையில் என்ன இருக்கிறது என்பதை அவர்கள் சொல்ல மாட்டார்கள். லண்டன் தம்பியின் குரல் செய்தியை நம்பியிருந்தால் அந்த விறாந்தையே எனக்கு இல்லை.

இதில் இன்னும் இரண்டு செலவு இருக்கிறது. முதல் நாள் எழுதுபவர்கள் மிகவும் பிடித்தவர்களும் மிகவும் கோபப்பட்டவர்களும்தான். "பரவாயில்லை, பார்ப்போம்" என்று நினைப்பவர் எழுதுவதில்லை. அதனால் முதல் நாள் படம் எப்போதும் கறுப்பு அல்லது வெள்ளை. மற்றது, பத்து நிமிடத்தில் கதை சொல்லும் தமிழ் வீடியோக்கள். நல்ல உழைப்போடு செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அதைப் பார்த்தால் எபிசோடைப் பார்த்ததாக ஆகாது, ஸ்பாய்லர் மட்டும் முழுதாகக் கிடைக்கும்.

இந்த வழி சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. பிள்ளைகளோடு பார்க்கப்போகிறீர்கள், இரத்தமும் பயங்கரமும் எவ்வளவு என்று தெரிய வேண்டும் என்றால் கட்டாயம் கேட்டுவிட்டுப் பாருங்கள். ஒரே ஒரு தொடருக்காகப் புதிதாகச் சந்தா கட்டப்போகிறவரும் கேட்கலாம். கேட்பதென்றால் முகம் தெரியாத ஆயிரம் பேரை விட, உங்கள் ருசி தெரிந்த ஒரு ஆளைக் கேளுங்கள். கேள்வியும் ஒன்றே ஒன்று போதும்: "நான் பார்க்கலாமா?" ஏன் என்று கேட்க வேண்டாம்.

## வழி 4: சீசன் முடிந்த பிறகு மொத்தமாக

காசுக் கணக்கில் இதுதான் முதலிடம். செவரன்ஸ் இரண்டாவது சீசன் ஜனவரி 17 முதல் மார்ச் 21 வரை பத்து வெள்ளிக்கிழமை வந்தது. முதல் நாளிலிருந்து பார்த்தவர் மூன்று மாதச் சந்தா கட்டினார். மார்ச் கடைசியில் தொடங்கியவருக்கு ஒரு மாதம் போதும். ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் கடைசிச் சீசனும் அப்படித்தான். நவம்பர் 27 சந்தா கட்டினால் டிசம்பர் 27இல் முடிந்துவிடும், கடைசி எபிசோட் எங்களுக்கு வந்தது ஜனவரி 1 விடிய. ஐந்து நாளுக்காக இன்னொரு மாதம்.

கரண்ட், மழை, பரீட்சை எதுவும் இங்கே பிரச்சினை இல்லை. உயர்தரம் எழுதும் பிள்ளைகளுக்கு நான் வேறு வழி சொல்வதே இல்லை.

செலவு என்னவென்றால், பத்து வாரம் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அதை விடப் பெரியது, ஊகிக்கும் சந்தோஷம் போய்விடும். செவரன்ஸில் ஒரு பாத்திரத்தின் மீது முதல் எபிசோடிலேயே ரசிகர்களுக்குச் சந்தேகம் வந்தது. விடை நான்காவது எபிசோடில். நடுவில் மூன்று வாரம் எங்கள் குழுவில் இரவு பதினொரு மணிக்கும் வாதம் நடந்தது. ஒரு பார்வை, ஒரு சிரிப்பு, ஒரு லிஃப்ட் கதவு என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். அலஸ்தோட்டத்து அக்கா அதே நான்கு எபிசோடையும் ஒரே இரவில் பார்த்தார். சந்தேகம் வந்து இரண்டு மணித்தியாலத்தில் தீர்ந்துவிட்டது. அவருக்குத் தொடர் பிடித்தது. ஆனால் எங்களுக்கு அந்த மூன்று வாரமும் தொடரின் பகுதி.

## ஒரே பார்வையில்

| | அன்றே, தனியாக | ஞாயிறு, கூடி | கேட்டுவிட்டு | முடிந்த பிறகு |
|---|---|---|---|---|
| சொந்த அபிப்பிராயம் | முழுதாக | கிட்டத்தட்ட முழுதாக | பாதி | காதை மூடினால் உண்டு |
| ஸ்பாய்லர் ஆபத்து | இல்லை | சில நாள் | நிச்சயம் | பல வாரம் |
| கரண்ட், டேட்டா | மாரியில் கஷ்டம் | ஒரு வீட்டுச் செலவு | குறைவு | கவலை இல்லை |
| சந்தா | கூட | பகிர்ந்தால் குறைவு | தேவை என்றால் மட்டும் | ஒரு மாதம் |
| கதைக்க ஆள் | பிறகு தேட வேண்டும் | பக்கத்திலேயே | இணையத்தில் | எல்லாரும் கதைத்து முடித்திருப்பார்கள் |

## நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

முதல் எபிசோடை அன்றே, அல்லது தரவிறக்கி மறுநாள், ஒருவருடைய கருத்தையும் வாசிக்காமல் பார்ப்பேன். மிகுதி எபிசோட்களை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு. முதல் எபிசோடைக் கூட்டத்தோடு இரண்டாவது தடவையும் பார்ப்பேன், பின்வரிசையில் இருந்து. ரசிகர்கள் எழுதியதை மூன்றாவது எபிசோடுக்குப் பிறகுதான் திறப்பேன். அப்போது அதை வாசிப்பதும் நல்லாயிருக்கும், நமக்கென்று ஒரு எண்ணம் இருப்பதால் ஒத்துப்போகவும் மறுக்கவும் முடியும்.

தவறவிட்டால் பெரிய குற்றமும் இல்லை. டாக்டர் ஹூவின் முதலாவது எபிசோட் 1963 நவம்பர் 23 பிபிசியில் வந்தது. முதல் நாள்தான் கென்னடி கொல்லப்பட்டிருந்தார், பிரித்தானியாவில் சில இடங்களில் கரண்டும் இல்லை. நிறையப் பேர் பார்க்கவில்லை என்று அடுத்த சனிக்கிழமை, இரண்டாவது எபிசோடுக்கு முன்னால் முதலாவதைத் திரும்பவும் போட்டார்கள். டித்வா வந்தபோது எங்கள் கூட்டமும் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸுக்குக் கிட்டத்தட்ட அதையேதான் செய்தது. வெள்ளம் வடிந்து, எல்லாரும் வீடு கழுவி முடித்து, மூதூர் நண்பர் வந்து சேர்ந்த பிறகுதான் முதலாவதைப் போட்டோம். அதுவரை யாரும் தனியாகப் பார்க்கவில்லை.

உவர்மலைத் தம்பிக்கு என் பதில் இது. தம்பி, இந்த வருடம் உனக்குப் பரீட்சை. நாலாவது வழிதான். குழுவிலிருந்து உன்னை இப்போதைக்கு எடுத்துவிடுகிறேன், கோபிக்காதே. கடைசிப் பேப்பர் எழுதிய அன்று பின்னேரம் நேராக வீட்டுக்கு வா. முன்வரிசைக் கதிரை உனக்கு. ரோல்ஸ் நாங்கள் வாங்குகிறோம்.